மேளச் சமா நடந்த இரவுகள்

சுன்னாகத்தின் சிறப்பைக் கூற முற்படுவோர் மூன்றினைக் கூறுவது வழக்கம். வெங்காயமும் மிளகாயும் வாழைக்குலையும் வந்து குவியும் சந்தை ஒன்று. இலக்கணத்திலும் வடமொழியிலும் துறைபோகிய குமாரசாமிப் புலவர் (1854–1922) வாழ்ந்தது மற்றொன்று. நா. பொன்னையா 1930ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஈழகேசரி' இவ்வூரிலிருந்து வெளிவந்தது மூன்றாவது. நான்காவது சிறப்பொன்றும் உண்டு. அது ஊர் வரலாற்று நூல்களில் அதிகம் இடம்பெறுவதில்லை. இரவு முழுவதும் வெறும் மணலில் அமர்ந்து, ஒரு மேளத்தின் பின் மற்றொரு மேளமாகக் கேட்டு, எது நன்று எது நன்றன்று என்று விடியற்காலையில் தீர்ப்புச் சொல்லத் தெரிந்த மக்கள் இங்கும் இதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்ந்தனர் என்பதே அது.

சுன்னாகம் சந்தியிலிருந்து காங்கேசன்துறை வீதியிலே தெற்கு நோக்கிச் சென்றால் மருதனார்மடம். அதனைக் கடந்தால் இணுவில். வடமேற்கே அளவெட்டி. வடக்கே மல்லாகமும் தெல்லிப்பழையும் தாண்டினால் மாவிட்டபுரம். நாதஸ்வரத்தையும் தவிலையும் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் வாழ்ந்த ஊர்கள் இவை. சுன்னாகத்தவர் இவற்றின் நடுவே இருந்தனர். திருவிழாக் காலம் தொடங்கிவிட்டால் நடந்து போகக்கூடிய தூரத்தில் ஏதாவதொரு கோயிலில் கொடி ஏறியிருக்கும். தோட்டத்துக்கு இறைத்துவிட்டு வந்தவரும், கடைப் படலையைச் சாத்தியவரும் இராச் சாப்பாட்டை முடித்து, ஓலைப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்படுவர். வழியிலே எதிர்ப்பட்டவரிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இண்டைக்கு எத்தனை கூட்டம் மேளம்?"

கூட்டம் என்பது ஒரு குழு. நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம் போட ஒருவர், சுருதி பிடிக்க ஒருவர். சாதாரண நாளில் கோயிற் பூசைக்கு ஒரு கூட்டமே போதும். ஆனால் அன்றைய திருவிழாவை ஏற்று நடத்தும் உபயகாரர் கைச்செலவுக்கு அஞ்சாதவராக இருந்தால் கூட்டங்கள் பெருகும். உள்ளூர் மேளம், அயலூர் மேளம், கடல் கடந்து தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த மேளம் என்று பல கூட்டங்கள் ஒரே இரவில் ஒரே வீதியில் சந்திக்கும். யாழ்ப்பாணத்தார் இதனை மேளச் சமா என்றனர்.

இக்கலை யாழ்ப்பாணத்துக்கு வந்த வழி நீண்டது. கோயில்கள் மீண்டும் கல்லால் எழுந்து, நாள்தோறும் முறைப்படி பூசை நடக்கத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டிலே, தஞ்சை வளநாட்டிலிருந்து இசைவேளாளர் குடும்பங்கள் வரவழைக்கப்பட்டுக் கோயில்களை அண்டிக் குடியேறின. நாதஸ்வரமும் தவிலும் பெரிய மேளம் எனப்பட்டன. நங்கையர் ஆடும் சதிர் சின்ன மேளம் எனப்பட்டது. ஆறுமுக நாவலர் (1822–1879) சின்ன மேளத்தைக் கடுமையாக எதிர்த்தார். அவருடைய எதிர்ப்புக்குப் பின்பும் பல பத்தாண்டுகள் சின்ன மேளம் கோயில் வீதிகளில் நிலைத்து, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மறைந்தது. பெரிய மேளத்தை எவரும் எதிர்க்கவில்லை. மல்லாரி ஒலிக்காமற் சுவாமி வீதிக்கு எழுந்தருளுவதில்லை என்ற நிலையில் அது ஆகம ஒழுங்கோடு பிணைந்திருந்தது.

சமா தொடங்குவது சுவாமி வெளிவீதி வலம் வரும்போது. முன்னே மேளங்கள், நடுவே தீவட்டி, பின்னே சுவாமி. வீதி மூலையிலோ கோயில் முன்றலிலோ சுவாமி நிற்க, மேளங்கள் ஒன்றையொன்று நோக்கி அமரும். இளையவர் முதலில், முதியவர் பின்னர் என்பது பொது வழக்கு. ஆயினும் யார் முந்துவது, யார் நிறைவு செய்வது என்பதில் பிணக்கு ஏற்படாத திருவிழா குறைவு. கடைசியாக வாசிப்பவரே அன்றைய தலைமை வித்துவான் என்று ஊர் எண்ணும். ஆகவே தமது முறை வந்தபோது சீவாளியைச் சரிபார்ப்பது போல நேரத்தைக் கடத்தும் வித்துவான்களும் உண்டு. உபயகாரர் சால்வையோடும் சந்தனக் கிண்ணத்தோடும் ஓடி ஓடிச் சமாதானம் செய்வார்.

இராகத்துக்கும் ஒழுங்கு இருந்தது. முன்னிரவில் கல்யாணி வந்துவிட்டால் அடுத்த கூட்டம் காம்போதியையோ தோடியையோ எடுக்கும். ஒருவர் விரித்த இராகத்தை மற்றவர் உடனே தொடுவது மரியாதைக் குறைவு. வேண்டுமென்றே தொடுவது சவால். அவ்வாறு ஒருவர் தொட்டுவிட்டால் பாயிற் சாய்ந்திருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து உட்காருவர். நள்ளிரவில் நீலாம்பரி, கிழக்கு வெளுக்கும்போது பூபாளம் என்று காலமும் இராகமும் சேர்ந்து நகர்ந்தன. கடிகாரம் இல்லாத சிறுவர்களும் இராகத்தைக் கொண்டு நேரம் அறிந்தனர் எனப் பெரியோர் கூறுவதுண்டு. அதில் சற்று மிகை இருக்கலாம்.

எனினும் யாழ்ப்பாணத்துச் சமாவின் உயிர்நிலை இராகம் அன்று, தவில். இதனை ஈழத்து இரசிகர்களின் குறை என்று சொல்வோர் உளர். நிறை என்று சொல்வோரும் உளர். நாதஸ்வரம் பல்லவியைப் பாடி நிறுத்தியதும் தவில்கள் தனி ஆவர்த்தனத்தைத் தொடங்கும். ஒரு கூட்டத்தின் தவில் மட்டுமன்று. எதிர்க் கூட்டத்தின் தவில்களும் சேர்ந்துகொள்ளும். ஒருவர் சதுஸ்ர நடையில் விடுத்ததை மற்றவர் திஸ்ரத்தில் திருப்புவார்; அதை வாங்கியவர் கண்டத்திலோ மிஸ்ரத்திலோ மடக்குவார். மூன்றும் நான்கும் ஐந்தும் ஏழும் ஒன்றினுள் ஒன்று புகுந்து, எங்கோ போய்விட்டது போலத் தோன்றும் கணக்கு முடிவிலே சமத்தில் வந்து விழும். வலந்தலையில் விரற்கூடு அணிந்த கை. தொப்பியில் கழி பிடித்த கை. இரண்டுக்கும் இடையில் நடப்பதை விளங்கிக்கொள்ள ஏட்டுக் கல்வி தேவைப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தோட்டக்காரர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். வித்துவான் அரை அட்சரம் தவறினாலும் அந்தக் கை நின்றுவிடும். அவர் வாயால் எதுவும் சொல்வதில்லை. கை நின்றதே போதும். முன்வரிசையில் நின்றுவிட்ட நான்கைந்து கைகளைக் கண்டு வியர்த்துப்போன கலைஞன், அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு அந்தக் கோர்வையை நூறு முறை சாதகம் செய்துகொண்டு வருவான்.

உலகின் வேறு பகுதிகளிலும் இத்தகைய இடங்கள் உண்டு. இங்கிலாந்திலே லிவர்ப்பூல் நகரில் பண்டகசாலையொன்றின் நிலவறையில் 1957ஆம் ஆண்டு தொடங்கிய கவேர்ன் என்னும் இசைமன்றம் அவற்றுள் ஒன்று. காற்றோட்டமற்ற அந்த நிலவறையில் உள்ளூர் இளைஞர் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தன. 1961 முதல் 1963 வரை அங்கே மீண்டும் மீண்டும் வாசித்துப் பழகிய ஒரு குழுவே பின்னர் பீட்டில்ஸ் என உலகறியப்பட்டது. இன்றும் பெரிய இசைத்தட்டு நிறுவனங்களைச் சாராத இளங்குழுக்கள் மேனாட்டு நகரங்களின் சிறு மண்டபங்களில் ஓரிரவுக்கு மூன்று, நான்கு என வாசிக்கின்றன. அறிமுகமாகாதவர் முதலில், பெயர் பெற்றவர் இறுதியில் என்ற ஒழுங்கு அங்கும் உண்டு. கிற்றாரும் ட்ரம்சும் நாதஸ்வரமும் தவிலும் ஆகமாட்டா. கட்டணம் கட்டி நுழையும் மண்டபமும் கோயில் வீதியும் ஒன்றல்ல. ஆனால் அருகருகே வாசிக்கக் கேட்டு ஒப்பு நோக்கும் செவியொன்று எதிரே இருக்கும்போது கலைஞன் வளரும் வகை இரண்டிடத்தும் ஒன்றாகவே காணப்படுகிறது.

அவ்வாறு வளர்ந்தவர்களுள் தலையாயவர் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி. 1933ஆம் ஆண்டு இணுவிலில், தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்தவர். பின்னர் அளவெட்டியில் வாழ்ந்தவர். மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி 1960ஆம் ஆண்டில் தொடங்கியது. இணுவிற் சிறுவர்களுக்கு அதற்கும் முன்பே வேறொரு பள்ளி இருந்தது: தந்தையின் திண்ணையும் கோயில் வீதியும். அந்தப் பள்ளியில் தேறிய தெட்சணாமூர்த்தி தமிழ்நாடு சென்று, முன்னணி நாதஸ்வர வித்துவான்களுக்குத் தவில் வாசித்து, தவிலின் தாய்நாட்டவரே வியக்கும்படி செய்தார். அதுவரை இந்திய மேளம் என்றால் மேலானது, உள்ளூர் மேளம் என்றால் இரண்டாந் தரம் என்று எண்ணியிருந்த உபயகாரர் பலர் அவருக்குப் பின் அவ்வாறு எண்ண இயலவில்லை. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரம், சாவகச்சேரி கே. எம். பஞ்சாபிகேசனின் நாதஸ்வரம், கைதடிப் பழனியின் தவில், இணுவில் சின்னராசாவின் தவில் என்று ஊரும் பேரும் சேர்த்தே மக்கள் வழங்கிய பெயர்கள் அக்காலத்தில் பெருகின. தெட்சணாமூர்த்தி 1975ஆம் ஆண்டு மறைந்தபோது அவருக்கு வயது 42 நிறையவில்லை.

உள்ளூர்க் கலைஞர் ஓங்கியதற்குக் கலை மட்டும் காரணமன்று. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளால் இந்திய வித்துவான்களை அழைப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாயிற்று. 1970ஆம் ஆண்டின் பின் வெங்காய, மிளகாய் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு நல்ல விலை கிடைத்தது. சுன்னாகச் சந்தையில் காசு புழங்கியது. அந்தக் காசில் ஒரு பங்கு கல்வீடாயிற்று; ஒரு பங்கு சீதனமாயிற்று; ஒரு பங்கு திருவிழாவாயிற்று. நேற்றைய உபயகாரர் நாலு கூட்டம் பிடித்தார் என்றால் இன்றைய உபயகாரர் ஆறு பிடிக்க வேண்டும். பக்தி எவ்வளவு, போட்டி எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது எளிதன்று. போட்டியாலேனும் கலைஞரின் அடுப்பு எரிந்தது.

இனி, அந்த வீதியில் யார் எங்கே நின்றனர் என்பதையும் கூறாமல் இவ்வரலாறு நிறைவு பெறாது. முன்வரிசைப் பாய் எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை. தாழ்த்தப்பட்டவர் எனப்பட்ட மக்கள் பல கோயில்களின் வாசலைக் கடக்க இயலாதவராக, வீதிக்கு அப்பால், வேலியோரத்திலும் பனையடியிலும் நின்றே கேட்டனர். அவர்களுள்ளும் கணக்குத் தவறாத கைகள் இருந்தன. பறை என்னும் மற்றொரு மேளம் அவர்களுட் சிலரின் பரம்பரைக் கலை. நடைகளை அவர்கள் அறிந்திருந்ததில் வியப்பில்லை. ஆனால் அவர்களுடைய கை நின்றுபோனதை எந்த வித்துவானும் கண்டிருக்க முடியாது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டில் நிறைவேறியது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1968ஆம் ஆண்டிலும், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே செல்லும் உரிமைக்காக அவர்கள் அறவழியில் அமர வேண்டியிருந்தது. அவர்களைத் தடுக்கவும் ஆட்கள் நின்றனர்.

மேளக்காரரின் நிலையும் முரண்பட்டது. கோயிலுக்குள்ளே சுவாமிக்கு அருகில் நிற்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. ஊர்ச் சமூகத்தில் அவர்களுடைய இருக்கை வேறு. இரவிலே பொற்பதக்கம் சூட்டிய கைகள் பகலிலே அவர்களைத் திண்ணைக்கு அப்பால் அழைக்கத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. தமிழ்நாட்டில் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நாதஸ்வரக்காரன் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்ற வழக்கை உடைத்து, வாய்ப்பாட்டுக்காரருக்குச் சமமாக மேடையில் அமர்ந்தார். ஈழத்து வீதிகளிலும் மேடை போடப்பட்டு, வித்துவான்கள் அதில் அமர்ந்து வாசிக்கும் காலம் வந்தபோது, அதனைக் கச்சேரி முறையின் வசதி என்று மட்டும் கருதுவோர் பாதியையே காண்கின்றனர்.

திரைப்படமும் வந்தது. 'கொஞ்சும் சலங்கை' 1962ஆம் ஆண்டு வெளிவந்ததும், அதில் காருகுறிச்சி அருணாசலம் வாசித்த ஆபேரியைக் கேட்டவர்கள் அதையே வீதியிலும் கேட்க விரும்பினர். 'தில்லானா மோகனாம்பாள்' 1968ஆம் ஆண்டில் வந்த பின்னர் இவ்வேண்டுகோளை மறுப்பது இயலாததாயிற்று. பின்னிரவில் சினிமாப் பாட்டு வாசித்தால் சனம் கலையாது. வாசிக்காவிட்டால் கச்சான்காரரும் தேநீர்க் கடைக்காரருமே எஞ்சுவர். முதியோர் இதனைப் பெருங் கேடென்று கண்டித்தனர். அக்கண்டனம் முழுவதும் நியாயமன்று. ஆபேரியை அடையாளம் காணாத பலர் அந்தப் பாட்டின் வழியாகவே அதனை அறிந்தனர். கேடு வேறு வழியாக வந்தது. மின்னிசைக் குழுக்களும் ஒலிபெருக்கிகளும் வீதியின் மறுமுனையில் இடம்பிடித்தபோது, நீலாம்பரி தன் மெல்லிய குரலோடு அவற்றோடு போட்டியிட முடியவில்லை.

வானொலியும் ஓரளவு செய்தது. காலை மங்கல இசையாக நாதஸ்வரம் ஒவ்வொரு வீட்டிலும் ஒலித்தது. இணுவிலையும் அளவெட்டியையும் மட்டக்களப்பாரும் மலையகத்தாரும் அறிந்தனர். ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் குறித்த நிமிடத்துக்குள் மங்களம் பாட வேண்டும். எதிர்க் கூட்டம் இல்லை. தொடையில் தாளம் போடும் தோட்டக்காரர் இல்லை. இரவெல்லாம் எரியும் விறகடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து வந்து காட்டியது போன்றதே அது.

பின்னர் போர் வந்தது. அப்போது நேர்ந்த ஒரு விந்தையைக் குறிப்பிடாதிருக்க முடியாது. 1990ஆம் ஆண்டிலிருந்து குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. எரிபொருள் இல்லை, மின்கலம் இல்லை. மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. ஒலிபெருக்கிகள் ஓய்ந்தன. மேளத்துக்கு மின்சாரம் வேண்டியதில்லை. பலாமரத்தில் தோலை இறுக்கிய தவிலும் ஆச்சா மரத்திற் கடைந்த நாயனமும் எந்தத் தடையுத்தரவிலும் அடங்காமல் ஒலிக்கக்கூடியவை. சமா மீண்டும் பழைய பெருமையை எய்தியிருக்கலாம். ஆனால் சமாவுக்கு வேண்டியது இரவு. அந்த இரவு பறிபோயிருந்தது. வானத்தில் ஓசை கேட்டால் விளக்கை அணைத்துப் பதுங்கு குழிக்குள் இறங்கும் ஊரில், பாயைச் சுருட்டிக்கொண்டு நள்ளிரவில் நடப்பது எவ்வாறு? நரசிங்கம்பேட்டையிலிருந்து நாயனமும் திருவாவடுதுறையிலிருந்து சீவாளியும் வரும் வழியும் அரிதாயிற்று. மாவிட்டபுரத்தைச் சூழ்ந்த மக்கள் 1990ஆம் ஆண்டிலேயே இடம்பெயர்ந்தனர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதுமே புறப்பட்டபோது, சுன்னாகத்தவரும் இணுவிலாரும் அளவெட்டியாரும் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். அடுத்த ஆண்டு மீண்டபோதும் ஊரடங்குச் சட்டம் மாலையிலேயே வீதியை வெறுமையாக்கியது. இவ்வாறு ஒரு தலைமுறை, மூன்று கூட்டம் மேளத்தை ஓரிரவில் கேளாமலே வளர்ந்தது.

கலைஞர் பலர் கடல் கடந்தனர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் எழுந்த கோயில்களில் அவர்களுடைய தவில் ஒலிக்கிறது. அங்கே வீதி நகராட்சிக்கு உரியது. சத்தத்துக்கும் நேரத்துக்கும் அனுமதி பெற வேண்டும்.

போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தது. 1990இல் நின்றுபோன புகையிரதம் 2015ஆம் ஆண்டு தொடக்கத்தில் சுன்னாகத்தைக் கடந்து மீண்டும் காங்கேசன்துறை வரை சென்றது. திருவிழாக்கள் மீண்டன. பெருங்கோயில்களில் மேளக் கூட்டங்களின் எண்ணிக்கை முன்னிருந்ததிலும் மிகுதி என்றே சொல்லலாம். இப்போது பல நாதஸ்வரங்களும் பல தவில்களும் ஒருமித்து வாசிப்பதே பெருவழக்கு. கைபேசியில் அதைப் படம்பிடிப்போர் மிகப் பலர். ஒருவர் விட்ட இடத்திலிருந்து எதிரி எடுத்து, அவன் மடக்கியதை இவன் அவிழ்த்து, விடியும்வரை ஓயாத பழைய சமா அரிதாகவே நடக்கிறது. நடக்கும் இரவுகளில் முன்வரிசையிற் சில முதியோரைக் காணலாம். நாற்காலி இருந்தும் மணலில் அமர்ந்திருப்பர். கை தொடையில் இருக்கும்.

இணுவில் ஒழுங்கைகளில் மாலை வேளையில் நடப்போருக்கு வேலிக்கு அப்பாலிருந்து ஓர் ஓசை கேட்கும். தவில் அன்று. தவிலைத் தூக்கும் வயது வராத சிறுவன், மரக்கட்டையொன்றின் மேல் கழியால் தட்டி, வாயால் சொற்கட்டைச் சொல்லிப் பழகுகிறான். உள்ளேயிருந்து ஒரு குரல், "திரும்பச் சொல்லு" என்கிறது.